நாற்காலிக்கு அம்மை

மார்ச் 1, சனி

இயேசுவை வளர்த்த சூசையப்பருக்கான மாதம் பிறந்துவிட்டது. எங்கள் தச்சுப் பட்டறையில் பாலிஷ் அடிக்கும் ஸ்பிரே அறையில், காற்று உள்ளே வரும் ஜன்னலை ஒட்டிய மாடத்தில், அவருடைய மரச் சுரூபம் நிற்கிறது. என் கணவர் லூயிஸ் பட்டறையைத் தொடங்கிய ஆண்டில் வைத்தது. லூயிஸ் போய் ஒன்பது வருடங்கள் ஆகின்றன. பட்டறையை நான் நடத்துகிறேன். சுரூபத்தின் முகம் வாடிக் கிடக்கிறது, லூயிஸ் இருந்தால் இப்படி விட்டிருக்கமாட்டார், இப்போதுள்ள ஆண்களுக்கு அந்த அக்கறை கிடையாது என்று காபி நேரத்தில் சொன்னேன். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

அப்போது எதிரே உட்கார்ந்திருந்தவர் மிஸ்டர் வியாகுலம் மட்டும்தான் என்பது தற்செயல். லூயிஸின் சிநேகிதர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். தினமும் பத்து மணிக்குக் காபிக்கு வந்துவிடுகிறார். நான் அழைப்பதில்லை.

"பூ வைக்கிற வேலைய எங்கிட்ட விடுங்க மதினி. காலைப் பூசை முடிஞ்ச கையோட வச்சிருதேன். நீங்க அந்த முட்டிய வச்சிக்கிட்டு ஓடாதீங்க."

என் முட்டியைப் பற்றி அவருக்கு என்ன? ஆனால் பூசை முடிந்து ஜெபமாலையும் சொல்லிவிட்டு நான் வர ஏழு மணியாகிவிடும். பட்டறையின் இன்னொரு சாவியைக் கொடுத்தேன். தின்னர் இருக்கும் அறை, மெழுகுவர்த்தி கூடாது, பூ மட்டும் என்று இரண்டு முறை சொன்னேன்.

"செவப்புக் கொடி காட்டிட்டீங்கல்லா, மெழுகுவர்த்தி அவுட்டர் சிக்னல்லயே நிக்கும்" என்றார். அவர் பேச்சு எல்லாம் இப்படித்தான்.

மாலையில் பெங்களூரிலிருந்து ஜெசிந்தா போன் செய்தாள். மகள் என்றால் ஒரே மகள். மறுபடி அதே பாட்டு. பட்டறையை மூடுங்கள், இங்கே வந்துவிடுங்கள், லிப்ட் இருக்கிறது, பூங்கா இருக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதோ பார், பத்தொன்பதாம் தேதி சூசையப்பர் திருநாள். கோயிலில் மறைமாவட்ட ஆயர் வந்து உட்காரப் புது நாற்காலி நம் பட்டறையில்தான் செய்கிறோம். அதில் ஒரு குறை இருந்தால் அன்றைக்கே உன் காரில் ஏறிக்கொள்கிறேன். குறை இல்லையென்றால் இந்தப் பேச்சை நீ ஜென்மத்துக்கும் எடுக்கக் கூடாது" என்றேன்.

"வாக்கு மாறமாட்டீங்களே?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

மார்ச் 3, திங்கள்

சூசையப்பர் முகம் இன்று என்னமாய் ஜொலிக்கிறது! வெறும் பூ வைத்ததற்கே இப்படி ஒரு தேஜஸ். காலடியில் மல்லிகை, நேராக வைக்கப்பட்டிருந்தது. மிஸ்டர் வியாகுலத்திடம் நேர்த்தியே கிடையாது என்று நினைத்திருந்தேன். திருத்திக்கொள்கிறேன்.

நாற்காலிக்கு மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர் அடித்துத் தேய்த்து வைத்திருந்தது. இன்று பதினொரு மணிக்கு மாசானம் முதல் கோட் பாலிஷ் அடித்தான். முப்பது வருடமாக எங்களிடம் ஸ்பிரே அடிக்கிறவன். அடித்துவிட்டு வெளியே வந்து ஸ்பிரே கன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். வழக்கமாக அடித்து முடித்ததும் பாடுவான்.

நான் பரிசோதிக்கும் முறை எல்லாருக்கும் தெரியும். ஒரு ட்யூப் லைட்டை நாற்காலி மேல் பிடிக்கச் சொல்வேன். மரத்தின் மேல் அதன் பிம்பம் ரூலர் போட்ட கோடாகத் தெரிய வேண்டும். கோணினால் திரும்பவும் தேய்ப்பு. இன்று பிம்பம் கோணக்கூட இல்லை. பொத்துப்போய் நின்றது. சாய்மானம் முழுவதும் சின்னச் சின்ன வட்டக் குழிகள். ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு புள்ளி. மீன் கண்ணால் பார்ப்பது போல நாற்காலி என்னையே பார்த்தது.

மார்ச் 4, செவ்வாய்

மொத்தத்தையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தோம். மறுபடி குழிகள். நேற்றைவிட ஒரு பிடி அதிகம்.

மாசானம் முடிவு சொல்லிவிட்டான். "அம்மா, இது நம்ம கை வேலயில்ல. நாற்காலிக்கு அம்மை போட்டிருக்கு."

"நாற்காலிக்கு எப்படியடா அம்மை போடும்?"

"போட்டிருக்கே."

உப்புத்தாள் போட்டு மரம் தேய்க்கும் பேச்சியம்மாள் அதற்குள் வெளியே போய் ஒரு கொத்து வேப்பிலையோடு வந்து ஸ்பிரே அறை வாசல் நிலையில் கட்டிக்கொண்டிருந்தாள். சூசையப்பர் இருக்கிற அறையில் இது என்ன என்று கத்தினேன். "அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரும்மா. அவரும் புள்ள வளத்த வீட்டுக்காரரு, அம்மைய பாத்திருப்பாரு" என்றாள்.

அவிழ்க்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். காற்றைச் சுத்தம் செய்யும் என்று ஏதோ ஒரு பத்திரிகையில் படித்த நினைவு. விட்டுவிட்டேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல். தவக்காலம் முடியும்வரை காபியில் சர்க்கரை இல்லை என்று தீர்மானித்தேன். பத்து மணிக்கு முதல் சர்க்கரையில்லாக் காபி குடித்தேன். நன்றாக இனித்தது. பேச்சி ஏமாற்றிப் போட்டிருக்கிறாள் என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். சத்தியம் செய்கிறாள். எதிரே மிஸ்டர் வியாகுலம், தாமும் இன்றிலிருந்து சர்க்கரையை விட்டுவிட்டதாகவும், தமக்கும் இனிப்பதாகவும் சொன்னார். பால் மாறியிருக்க வேண்டும். பால்காரனை விசாரிக்க வேண்டும்.

சூசையப்பரிடமிருந்து ஒரு வாசனை வருகிறது. இன்றுதான் உறுதி செய்துகொண்டேன். மல்லிகை இல்லை. எலுமிச்சையும் ஏதோ சொர்க்கமும் கலந்தது போல. புனிதர்களின் கல்லறையைத் திறந்தபோது பூ மணம் வந்ததாக நான் படித்த கான்வென்டின் மதர் சுப்பீரியர் சொல்வார். பங்குச் சாமியாரிடம் இப்போதே சொல்ல வேண்டாம். இன்னும் சில நாள் பார்ப்போம். அவசரப்பட்டு அற்புதம் அறிவிக்கிற ஆள் அல்ல நான்.

பாலிஷ் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பையன் பேசினான். நான் குழியை விவரித்ததும், "சிலிகான்மா" என்றான். "ஒரு துளி போதும். தலைக்குப் போடுற சீரம், கைக்குப் போடுற கிரீம், எதுலயும் இருக்கும். காத்துல கலந்தா போதும். அது படிஞ்ச இடத்துல பாலிஷ் ஒட்டாம ஒதுங்கிக்கும். அதான் குழி. எங்கருந்து வருதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

கண்டுபிடிக்கிறேன். கான்வென்டில் யார் மசியைக் கொட்டினார்கள் என்று கண்டுபிடிக்க மதர் என்னைத்தான் அனுப்புவார்.

மார்ச் 6, வியாழன்

விசாரணை தொடங்கியது.

முதல் சந்தேகம் கம்ப்ரஸர். தொட்டியில் தேங்கியிருந்த தண்ணீரை வடித்து, பில்டரை மாற்றி, காற்றை ஒரு வெள்ளைத் தாள் மேல் அடித்துப் பார்த்தேன். தாள் என் மனச்சாட்சிபோல் இருந்தது. கம்ப்ரஸர் நிரபராதி.

இரண்டாவது மரம். தேக்கில் எண்ணெய் உண்டு. அதனால் மரத்தை விட்டுவிட்டுக் கண்ணாடித் துண்டு ஒன்றில் அடிக்கச் சொன்னேன். கண்ணாடியிலும் அம்மை. மரம் நிரபராதி. "கண்ணாடிக்கும் தொத்திக்கிட்டு" என்று பேச்சி இன்னொரு கொத்து வேப்பிலை கட்டினாள்.

மூன்றாவது தலைகள். மாசானத்தின் தலையைப் பிழிந்தால் ஒரு குடும்பத்துக்கு அப்பளம் பொரிக்கலாம். இனிமேல் எல்லார் தலையிலும் வெள்ளைத் துணி கட்ட வேண்டும், கைக்கு எதுவும் பூசக் கூடாது என்று சட்டம் போட்டேன். நானும் கட்டிக்கொண்டேன். மிஸ்டர் வியாகுலம் காபிக்கு வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் கைக்குட்டையையும் தலையில் கட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு எதற்கு? உங்களுக்குத்தான் முடியே இல்லையே!"

"ஒரு ஒத்துமைக்குத்தான் மதினி."

நாற்காலி எப்படி இருக்கிறது என்று பார்க்க அந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமியார் வந்தார். நிலையில் வேப்பிலை, உள்ளே நான்கு முக்காடுகள். "எல்லாரும் சுகந்தானே?" என்று வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 7, வெள்ளி

மறுபடியும்.

மார்ச் 8, சனி

தின்னர் டின் மாற்றினேன். ஸ்பிரே கன்னைப் பிரித்துப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவினேன். பேச்சியின் மூட்டுவலித் தைலத்தைப் பறிமுதல் செய்தேன். பக்கத்து வீட்டு டெய்லர் மெஷினுக்கு எண்ணெய் போடுவதைத் தடை செய்ய எனக்கு அதிகாரம் இல்லை என்று டெய்லர் சொன்னார். அம்மை விலகவில்லை. நாற்காலியை மரம் தெரியத் தேய்க்கச் சொல்லிவிட்டேன். முதலிலிருந்து.

சூசையப்பர் மட்டும் நாளுக்கு நாள் மெருகேறுகிறார்.

மார்ச் 9, ஞாயிறு

ஜெசிந்தா போன். என் அறைக்குத் திரைச்சீலை என்ன நிறம் வேண்டும் என்று கேட்கிறாள். அவள் கணக்கில் என் அறை என்று ஒன்று அங்கே ஏற்கெனவே இருக்கிறது. பச்சை எனக்குப் பிடிக்காது என்பதை மட்டும் சொன்னேன்.

மிஸ்டர் வியாகுலம் கண் பரிசோதனைக்காக மதுரைக்குப் போகிறார். இரண்டு நாள் இருக்கமாட்டார். "பூவ நீங்க வச்சிருங்க மதினி. அவர கொஞ்சம் நல்லா கவனிச்சுக்கோங்க" என்றார். சூசையப்பரைப் பற்றித்தான் சொன்னார். எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

மார்ச் 10, திங்கள்

கண்ணாடித் துண்டில் அடித்துப் பார்த்தோம். ஒரு குழி இல்லை! மாசானம் பாடினான். பேச்சி வேப்பிலைக்குக் கும்பிடு போட்டாள். நான் தைலப் பறிமுதல்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

காபி நேரத்தில் நாற்காலி காலியாக இருந்தது. அதாவது எதிர் நாற்காலி. காபி ஒரே கசப்பு. பால்காரன் பழைய பாலுக்கே போய்விட்டான் போலிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் கண்ணாடி சுத்தம். நாளை துணிந்து நாற்காலிக்கே அடிக்கிறோம்.

மதுரையிலிருந்து போன் செய்தார். கண்ணில் குறை இல்லையாம். "எல்லாம் தெளிவாத் தெரியுது மதினி, ரொம்ப நாளாவே" என்றார். கண் நன்றாயிருந்தால் எதற்கு மதுரைவரை போனார் என்று தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

மிஸ்டர் வியாகுலம் வந்துவிட்டார். சூசையப்பர் முகத்தில் பழைய ஜொலிப்பு. நான் வைத்த பூவுக்கு அது வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாற்காலிக்கு அடித்தோம். அம்மை. கைப்பிடியிலும், காலிலும், சாய்மானத்திலும்.

மாசானம் துணியைத் தலையிலிருந்து அவிழ்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "அம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது. கார்டு சார் வராத ரெண்டு நாளும் நல்லாருந்துச்சு."

"உளறாதே" என்றேன்.

"நான் சும்மா சொல்லுதேன்."

"சும்மாவும் சொல்லாதே."

அவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தலையில் முடி இல்லாத மனிதர். கைக்கு கிரீம் பூசுகிற ரகமும் இல்லை. இரண்டு நாள் ஒத்துப்போவது தற்செயல். தற்செயலுக்கும் காரணத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்களைத்தான் எங்கள் பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பார்கள்.

மார்ச் 13, வியாழன்

விசாரணை என்றால் யாருக்கும் விலக்கு இருக்கக் கூடாது. காபி கொடுக்கும்போது சாதாரணமாகக் கேட்டேன்.

"நீங்கள் என்ன சோப்பு போடுகிறீர்கள், மிஸ்டர் வியாகுலம்?"

தம்ளர் பாதி வழியில் நின்றது. "சோப்பா? நானா?"

"சந்தன சோப்பா?"

"ஆமா. எப்படி மதினி கண்டுபிடிச்சீங்க?" முகமெல்லாம் சிரிப்பு. "எதுக்குக் கேக்கீங்க?"

"பொது அறிவுக்கு. முகத்துக்குப் பவுடர்?"

"ஞாயித்துக்கெழம மட்டும். வேண்டாம்னா விட்டுருதேன்."

"விட வேண்டாம்" என்றேன். விசாரணையில் சாட்சியைக் கலைக்கக் கூடாது. வாசலில் பேச்சி உப்புத்தாளால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வேலை நேரத்தில் என்ன சிரிப்பு என்று கேட்டேன். தூசியாம்.

மார்ச் 14, வெள்ளி

இன்று ஒரு நல்ல யோசனை. கண்ணாடித் துண்டுகளை அறை முழுவதும் பரப்பி வைத்து எல்லாவற்றிலும் அடிக்கச் சொன்னேன். கதவருகே இருந்ததில் இரண்டு மூன்று குழிகள். நடுவில் இருந்ததில் அதிகம். ஜன்னல் மாடத்துக்குக் கீழே, சூசையப்பர் காலடியில் இருந்ததில் குழி தவிர வேறொன்றும் இல்லை.

ஆக, ஜன்னல் பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஜன்னலுக்கு வெளியே வெறும் முருங்கை மரம். முருங்கை மரத்தில் சிலிகான் கிடையாது. மீதி இருப்பது ஒருவர்தான். அவரையா சந்தேகப்படுவது? தச்சர்களின் காவலரே தச்சுப் பட்டறையைக் கெடுப்பாரா?

சுரூபத்தின் முன் நின்று, "ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்" என்றேன். எலுமிச்சை மணம்தான் வந்தது.

மார்ச் 15, சனி

நிதானமாக எழுத வேண்டும். கை அவசரப்படுகிறது.

தின்னரில் கம்பெனி மாற்றிப் பார்ப்போம் என்று ஜங்ஷன் கடைத்தெருவுக்குப் போகக் கிளம்பினேன். ஆட்டோ கிடைக்கவில்லை. மிஸ்டர் வியாகுலம் தன் பழைய பியட் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்பது வருடமாக அந்தக் காரில் ஏறச் சொல்கிறார், ஒன்பது வருடமாக மறுக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு விதவை யார் காரில் ஏறினாள் என்பது மத்தியானச் சோற்றுக்கு முன்பே எல்லா வீட்டுக்கும் போய்விடும். ஆனால் இது தின்னர் விஷயம். பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

"மதினி, பின்னால கார்டு பெட்டி. அங்க நாந்தான் உக்காரணும். நீங்க முன்னால வாங்க."

முட்டி மடங்கவில்லை என்பதால் முன்னால் மாறினேன். அந்தக் காரணம் மட்டும்தான்.

பாலத்தில் ஏறும்போது ஆற்றுக் காற்று அடித்தது. ஆற்றில் தண்ணீர் நிறைய. யாரோ எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் விசிலடித்தார். நாற்பது வருடம் ரயிலுக்கு அடித்த விசில், வாயாலேயே அப்படியே வருகிறது. பாலத்தில் நடந்து போன ஒரு போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. எதற்கு என்று தெரியவில்லை. தலைத்துணியை அவிழ்க்க மறந்து கட்டிக்கொண்டே வந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். இன்னும் சிரித்தேன். "எப்பவோ கவனிச்சேன், நல்லாருந்துச்சு, அதான் சொல்லல" என்றார் அவர்.

சிரித்து மூச்சு வாங்கியபோதுதான் உள்ளே இழுத்தேன். எலுமிச்சை. எலுமிச்சையும் ஏதோ சொர்க்கமும்.

கண் முன்னால் காரின் டாஷ்போர்டு. நாற்பது வயசு கார், ஆனால் டாஷ்போர்டு சூசையப்பர் முகம்போல் ஜொலித்தது. அதே மெருகு. அப்படியே அதே.

"இதற்கு என்ன போடுகிறீர்கள்?" என்று டாஷ்போர்டைத் தொட்டுக் கேட்டேன்.

"அதுவா? ஒரு ஸ்பிரே இருக்கு மதினி. புஸ்ஸுன்னு அடிச்சுத் தொடச்சா புதுசாயிரும். கார், செருப்பு, எதுவேணா. அப்புறம்…" என்று நிறுத்தி, பாலத்துக்குக் கீழே எருமைகளைக் காட்டினார்.

அவர் கடைக்குள் போனபோது டாஷ்போர்டின் சிறு அறையைத் திறந்தேன். பிறர் பொருளைத் தொடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். தொட்டேன். டின் இருந்தது. பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கைப்பையிலிருந்த பூதக்கண்ணாடியால் படித்தேன். எலுமிச்சை நறுமணம். அதற்கு அடுத்த சொல், கம்பெனிப் பையன் சொன்ன சொல்.

டின்னுக்கு அருகே மடித்த மஞ்சள் துணி. அதில் ஒரு மல்லிகை இதழ் ஒட்டியிருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசினார். நான் "ஆமாம்" என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. மிஸ்டர் வியாகுலம் ஞாயிற்றுக்கிழமை பவுடர் போட்டிருந்தார்.

சொன்னால் மனிதர் நொறுங்கிப்போவார். தன்னால்தான் பட்டறை கெட்டது என்று தெரிந்தால் அப்புறம் இந்த வாசலை மிதிக்கமாட்டார். சொல்லாவிட்டால் பத்தொன்பதாம் தேதி நான் ஜெசிந்தாவின் காரில் ஏற வேண்டும். எப்படியும் பத்து மணிக் காபி போய்விடும். காபியைப் பற்றி இங்கே எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. காபி முக்கியமில்லை.

மார்ச் 17, திங்கள்

காலையில் பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே மிஸ்டர் வியாகுலத்திடம் சாவியைத் திருப்பிக் கேட்டேன். "நாற்காலி முடியும்வரை வேறு யாரும் உள்ளே வர வேண்டாம் என்று பார்க்கிறேன்" என்றேன். அவர் சாவியை எடுத்து, சட்டையில் துடைத்துவிட்டு, என் கையில் வைத்தார். விசிலடிக்கவில்லை.

சூசையப்பரைத் துணியில் சுற்றிச் சாமான் அறையில் வைத்தோம். மாடம், ஜன்னல், சுவர் எல்லாவற்றையும் தின்னரால் துடைத்தோம். ஒவ்வொரு துடைப்புக்கும் புதுத் துணி. தரையைக் கழுவி ஈரமாகவே விட்டோம். நாற்காலியைத் தேய்த்து, துடைத்து, மறுபடி துடைத்து, சீலர் அடித்து, மாலையில் முதல் கோட் பாலிஷ். ஒரு குழி இல்லை. மாசானம் என்னைப் பார்த்தான், பிறகு ஸ்பிரே கன்னைக் கழுவப் போனான். நல்ல வேலைக்காரன்.

பத்து மணிக்கு யாரும் வரவில்லை. காபி விஷம்.

"பேச்சி, இன்றைக்குக் காபியில் என்ன போட்டாய்?"

"என்னைக்கும் போடாததுதாம்மா. சர்க்கரைய நான் தொடவேயில்ல." பிறகு உப்புத்தாளை மடித்துக்கொண்டே, "காபிய என்னம்மா சொல்லுதது, பாவம்" என்றாள். அவள் வாய் அதிகம்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் கடைசிக் கோட். ட்யூப் லைட்டைப் பிடிக்கச் சொன்னேன். சாய்மானத்தின் மேல் வெள்ளைக் கோடு ஒன்று, கன்னியர் மடத்து மேசை விரிப்பின் ஓரம்போல நேராக. கைப்பிடியில் என் முகம் தெரிந்தது. வெற்றி பெற்றவள் முகம் இப்படியா இருக்கும் என்று பார்த்தேன். துடைத்துவிட்டேன். நாற்காலியை அல்ல, முகத்தை.

பத்து மணிக்கு யாரும் வரவில்லை.

மாலை நான்கு மணிக்கு ஆட்டோ பிடித்து, சூசையப்பரை மடியில் வைத்துக்கொண்டு மிஸ்டர் வியாகுலத்தின் வீட்டுக்குப் போனேன். ஒன்பது வருடத்தில் முதல் முறை. பனியனோடு கதவைத் திறந்தவர், "ஒரு நிமிசம்" என்று ஓடிப்போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பொத்தான்கள் எல்லாம் ஒன்று தள்ளிப் போடப்பட்டிருந்தன. திருத்தச் சொல்லவில்லை. அவ்வளவு பதற்றம் எனக்கு.

"சாவிய வாங்கிட்டீங்க. நான் ஏதோ ஒடச்சிட்டேன் போலன்னு நெனச்சேன்."

"எதுவும் உடைக்கவில்லை. மெருகேற்றினீர்கள்." சுரூபத்தின் துணியை விலக்கினேன். "அந்த டின்னால்."

அவர் காது சிவந்துவிட்டது. "அது வந்து… முகம் வாடிக் கெடக்குன்னு நீங்கதான சொன்னீங்க. ஆம்பளைங்களுக்கு அக்கறை இல்லைன்னீங்க. அங்க நான் மட்டுந்தான் ஆம்பள."

பிறகு நான் சொன்னேன். டின்னில் என்ன இருக்கிறது, அது காற்றில் என்ன செய்யும், ஜன்னல் காற்று அதை எங்கே கொண்டுபோகும், நாற்காலிக்கு ஏன் அம்மை போட்டது, எல்லாவற்றையும். அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப, நாந்தானா?"

"நீங்கள்தான்."

"மதுரைக்குப் போன ரெண்டு நாளும்?"

"சுத்தமாக இருந்தது."

தலையில் கை வைத்துக்கொண்டார். நான் பயந்தது இதற்குத்தான். தண்ணீர் கேட்பாரா, அழுவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய தோள்கள் குலுங்கின. நிமிர்ந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"நீங்க அந்தப் பந்தயத்தச் சொன்ன நாள்லருந்து, தெனமும் அவரு முன்னால நின்னு என்ன வேண்டுனேன் தெரியுமா? இந்த அம்மா பெங்களூருக்குப் போயிரக் கூடாது, நாற்காலி நல்லபடியா முடியணும்னு. சும்மா வேண்டுனா பத்தாதேன்னு, வேண்டிக்கிட்டே புஸ்ஸு, வேண்டிக்கிட்டே புஸ்ஸு! நாற்காலி கெடக் கெட இன்னும் பக்தியா வேண்டுனேன், இன்னும் கூட ரெண்டு புஸ்ஸு!"

என்னால் முடியவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கான்வென்டில் ஒருமுறை ஜெபத்தின் நடுவே சிரித்து, தண்டனையாக முழங்காலில் நின்றேன், அதற்குப் பிறகு இப்படிச் சிரித்ததில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். "சூசையப்பர் வந்திருக்காரு" என்று அவளிடம் சொன்னார் அவர். அவள் ஜன்னலை மூடிவிட்டாள்.

பிறகு சிரிப்பு அடங்கியது. அவர் என்னைக் கூப்பிட்டார். மதினி என்று அல்ல. என் ஞானஸ்நானப் பெயரை, நான்கு எழுத்தையும் விழுங்காமல், எமரென்சியா என்று முழுதாக. லூயிஸ் போன பிறகு அதை யாரும் முழுதாகச் சொன்னதில்லை, ஜெபப் புத்தகத்தில் எழுதியிருப்பது தவிர. ஆறு எழுத்து என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். என் கணக்கு தவறுவது வழக்கமில்லை.

"நாளைக்கு நீ… நீங்க போகலல்லா?" என்று கேட்டார்.

"நாற்காலி குறையில்லாமல் இருக்கிறது" என்றேன். "பொத்தானைச் சரியாகப் போடுங்கள்."

மார்ச் 19, புதன், சூசையப்பர் திருநாள்

விடியற்காலையில் நாற்காலி கோயிலுக்குப் போய்விட்டது. மாசானம் புதுச் சட்டை போட்டு, வண்டியில் அதைப் பிடித்துக்கொண்டே பாடிக்கொண்டு போனான். நிலையிலிருந்த வேப்பிலையில் ஒரு கொத்தை எடுத்து நாற்காலியின் காலில் பேச்சி செருகியிருந்தாள். கோயில் வாசலில் பார்த்து எடுத்தேன். ஒரு இலையை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆயர் வந்து உட்கார்ந்தார். பாட்டு, வாசகம், பிரசங்கம். நான் பிரசங்கம் கேட்கவில்லை, சாய்மானத்தில் தெரிந்த மெழுகுவர்த்திகளின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடக் கோணவில்லை.

ஜெசிந்தா காரோடு வந்திருந்தாள். பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் பீடத்தருகே போய் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குனிந்து அடிப்பக்கம் பார்த்தாள். நகத்தால் தடவினாள். என் வளர்ப்பு.

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள். தோற்றவள் குரலில் அல்ல. "பெட்டி ஒண்ணும் கட்டலையா நீங்க?"

"எதற்கு?"

"அது சரி." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா, நீங்க ஏன் இப்படிச் சிவந்துபோய் இருக்கீங்க? காய்ச்சலா?"

"வெயில்" என்றேன். கோயிலுக்குள் நின்றுகொண்டிருந்தோம்.

இன்று பெருவிழா, நோன்புக்கு விலக்கு உண்டு. காபியில் சர்க்கரை போட்டுக் குடித்தேன். திகட்டியது. நாளையிலிருந்து பழையபடியே.

ஒரு விஷயம் முடிவு செய்தாயிற்று. சூசையப்பரின் மேல் அந்த மெருகு ஊறிப்போய்விட்டது. எத்தனை முறை துடைத்தாலும் அவரை இனி ஸ்பிரே அறைக்குள் விட முடியாது. என் வீட்டில் வைக்கலாமென்றால் வீடும் பட்டறையும் ஒரே கூரை. ஆகவே அவர் மிஸ்டர் வியாகுலத்தின் வீட்டிலேயே இருப்பார். பூ வைப்பது என் பொறுப்பு, அதை வேறு யாரிடமும் விட எனக்கு மனமில்லை. ஜெபமாலை முடிந்ததும் நேரே அங்கே போய்ப் பூ வைத்துவிட்டு, அப்படியே ஒரு காபி. சூசையப்பர் மாதம் முடியும்வரைதான்.

ஏப்ரலுக்கு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. மே முதல் தேதி சூசையப்பருக்கு இன்னொரு திருநாள் வருகிறது. நடுவில் பூவை நிறுத்துவது முறையாகாது.